பழைய ஓட்டு வீட்டில் ஒரு படுக்கையறை

பழைய வீட்டில் ஒரு படுக்கையறையைப் புதுப்பிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது சுவருக்கு என்ன வர்ணம், தரைக்கு என்ன கல், கட்டில் எந்தப் பக்கம் என்பனவற்றைத்தான். அவை யாவும் கடைசி வாரத்தில் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் என்பதும், அந்த அறைக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று கண்டறிந்து, அதற்குத் தக்கபடி வேலைகளை வரிசைப்படுத்துவதே பிரதானமான காரியம் என்பதும், மேல்மலையனூரில் என் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டின் உள்ளறையைப் பெரும்பாலும் என் கையாலேயே சீர்ப்படுத்தியபோது எனக்குப் புலப்பட்ட உண்மைகள்.

கருங்கல் அடித்தளம், அதன்மேல் செம்மண் சாந்தில் அடுக்கிய நாட்டுச் செங்கல் சுவர், அதற்குச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே பனங்கைகளும் மூங்கில் பிளாச்சும், அவற்றின்மேல் நாட்டு ஓடு: இதுவே அந்த வீட்டின் அமைப்பு. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதியை வெள்ளக்காடாக்கி, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது, எங்கள் உள்ளறையின் மேற்குச் சுவர் மேலிருந்தும் கீழிருந்தும் ஒருங்கே நனைந்து, முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. இடித்துவிட்டுத் தளம் போடலாம் என்று உறவினர் சிலர் யோசனை கூறினர். சுவரின் உடல் உறுதியாக இருந்தபடியால் நான் அதற்கு இசையவில்லை.

இத்தகைய நிலையில் கரணையை எடுப்பதற்கு முன் ஒரு பென்சிலை எடுப்பது விவேகம். ஒவ்வொரு கறையின் ஓரத்தையும் சுவரிலேயே கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, அடுத்த மழைக்குப் பின் அக்கோடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வந்தால், எந்த நிபுணரும் ஒரே வருகையில் சொல்ல இயலாத சமாச்சாரங்களைச் சுவர் தானாகவே சொல்லிவிடும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வளர்ந்து மேலிருந்து கீழே இறங்கும் கறை கூரையின் பிழை. மழை ஓய்ந்து சில நாள் கழித்து, தரையிலிருந்து மேலே ஏறி, ஓரத்தில் வெண்ணிறமாக உப்புப் பூத்து நிற்பது மண்ணிலிருந்து வரும் ஓதம். ஜன்னலைச் சுற்றி மட்டும் தோன்றுவது காற்றோடு அடிக்கும் சாரலின் விளைவு. மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. ஆகவே ஒன்றுக்குரிய வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்வதால் பணம் கரையுமேயன்றிக் கறை போகாது.

மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்கு எங்கள் ஊரில், தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களில் இருப்பது போலவே, ஒரு வெளிக்காரணமும் உண்டு. வீடு கட்டிய காலத்தில் தெருவிலிருந்து படிகள் ஏறித் திண்ணையை அடைந்தவர்கள், தெருவின்மேல் தெரு போட்டுப் போட்டு அதன் மட்டம் உயர்ந்துவிட்டதால், இன்று ஏறக்குறைய சமதரையிலேயே நடந்து உள்ளே வருகிறார்கள். பழைய தளத்தைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதிய சாலையைப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதை நினைவில் வைத்திருந்து, தெருவில் வேலை தொடங்கும்போதே எடுத்துக் கூறுவது ஒவ்வொரு பழைய வீட்டுக்காரருக்கும் நல்லது. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தெருவுக்கு நான் செய்த உபாயம், வெளிச்சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் தோண்டி, உடைகல் ஜல்லியை நிரப்பி, கொல்லைப்புறம் நோக்கி வாட்டம் கொடுத்ததுதான். இதில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம்: பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகலாகாது, முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டாமல், சிறிது சிறிதாகத் தோண்டி உடனுக்குடன் நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

அடுத்தது கூரை. நாட்டு ஓட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கும் இடங்கள் பெரும்பாலும் முகடும், இரண்டு சாய்வுகள் சந்திக்கும் கூடல்வாயும்தான். நடுச்சாய்வில் ஒழுகினால், பூனையோ குரங்கோ நடந்து ஓடு விலகியிருக்கும். ஓட்டைப் பிரித்து அடுக்கும்போது ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பவற்றைத் தனியாகவும், மந்தமாக ஒலிப்பவற்றைத் தனியாகவும் பிரித்துவிட வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாதபோதும் காதுக்குத் தெரிந்துவிடும். பனங்கைகளை உளியின் முனையால் பரீட்சிக்கலாம். வைரம் பாய்ந்த பனையில் உளி நுழையாது, கரையான் அரித்ததில் எதிர்ப்பின்றி இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளே முதலில் இற்றுப்போகின்றன என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். இற்றதை மாற்றுவதற்குப் புதிய மரத்தைத் தேடாமல், இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் கடைகளில் காய்ந்து பதப்பட்ட பழைய பனங்கைகளைத் தேடிப் பெறுவது சிக்கனமும் சிலாக்கியமுமாகும். கூரைமேல் தனியாக ஏறுவதும், ஓட்டின்மேல் நேராகக் கால் வைப்பதும் கூடாது. இரண்டு மூன்று கைகளின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் அமர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். கைமரத்தை மாற்றும்போது முட்டுக் கொடுக்கும் வேலையை மட்டும் பழகிய தச்சரிடம் விட்டுவிட்டேன். அதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கூரை காய்ந்து, வெளிப்பள்ளமும் அமைந்த பிறகே சுவரைத் தொட்டேன். எங்கள் மேற்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் யாரோ எந்தக் காலத்திலோ சிமென்டுப் பூச்சு பூசியிருந்தனர். 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்டை நான் நிந்திக்க வரவில்லை. தூணுக்கும் தளத்துக்கும் அது இன்றியமையாதது. எனினும் மண் சாந்தில் எழுந்த சுவர் தன்னுள் ஏறிய ஈரத்தை முகப்பின் வழியாகவே காற்றில் விட்டு உலர வேண்டியிருக்க, சிமென்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற எல்லைக்கு அப்பால் வெளிப்படுகிறது. அதனோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் திரண்டு, அதைப் பெயர்த்துத் தள்ளுகிறது. தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் இடங்களில் தொடங்கி, சிற்றுளியாலும் சுத்தியாலும் மெல்லப் பெயர்த்தெடுத்தேன். இயந்திரத் துளைப்பான் மண் சாந்தை உலுக்கிச் செங்கல்லையே தளரச் செய்துவிடும். பெயர்த்த சுவரை உடனே மூடாமல் வெயில் காலத்தில் வெறுமையாக உலரவிட்டு, மேலே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளே போகும்.

சிமென்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பை நம்பத் தயங்குகிறவர்கள் ஒருநாள் செஞ்சிக் கோட்டைக்குப் போய் வரலாம். 2025 ஜூலையில், மராத்தியரின் இராணுவ அரண்கள் என்ற தொகுப்பில், மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த அக்கோட்டையில், கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் சுற்றி வந்து, பூச்சு எங்கே நிலைத்திருக்கிறது, எங்கே விழுந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தேன். நூற்றாண்டுகளின் மழையைத் தாங்கிய அப்பூச்சு, தண்ணீர் வழிந்தோடிய இடங்களில் பெரும்பாலும் நிலைத்தும், தண்ணீர் தேங்கிய மூலைகளில் உதிர்ந்தும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. சாந்தின் குணத்தைக் காட்டிலும் வாட்டத்தின் குணம் பெரிது என்ற பாடத்தை அங்கே நான் கண்ணால் படித்தேன்.

இனி சாந்து தயாரிக்கும் முறை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டதை நீரில் நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாக மீட்டுக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இந்த மெதுவான கிரியையை அவசரப்படுத்த முடியாது என்பதை உணர்ந்தவருக்கே சுண்ணாம்பு வேலை கைவரும். நீற்றும்போது இரும்புப் பீப்பாயில் முதலில் தண்ணீரை நிரப்பி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதில் இட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளியோ இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் அருகே போகலாகாது, குழந்தைகளை அண்டவிடலாகாது. கண்ணில் தெறித்தால் நிறைய நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊறவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரால் குழைத்தேன்.

பூச்சுப் பணியின் நுட்பத்தை எனக்குக் கற்பித்தவர், சுண்ணாம்புக் காலத்தைக் கண்ட முதிய கொத்தனார் ஒருவர். நான் சாந்தைக் கரணையில் எடுத்தவுடன் கையை அமர்த்தி, "செவுரு பசியா இருக்குதுங்க ஐயா. மொதல்ல தண்ணி காட்டுங்க, அப்புறம் சோறு போடலாம்" என்றார். உலர்ந்த சுவர் சாந்திலுள்ள நீரை உடனே உறிஞ்சிக்கொண்டால் பூச்சு பிடிப்பில்லாமல் மாவாகிவிடும்; ஆதலால் முந்தின நாள் மாலையிலும் அன்று காலையிலும் சுவரை நனைத்து, மேலே நீர் மினுங்காத சமயம் பார்த்துப் பூச வேண்டும். ஒரு விரற்கடைக்கு மேற்படாத மெல்லிய படலமாக இரண்டு முறை பூசுவது, ஒரே தடவையில் தடிமனாக அப்புவதைவிடப் பன்மடங்கு உத்தமம். முதற்படலம் இறுகிய பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். ஜன்னலுக்கு நனைத்த கோணிச் சாக்கைத் திரையாகக் கட்டி, சில நாள் தண்ணீர் தெளித்து வந்தால் வெடிப்பு விழாது. மாசியும் பங்குனியும் இவ்வேலைக்கு உகந்தவை. சித்திரை வெயில் பூச்சை அளவுக்கு மீறி விரைவில் உலர்த்திவிடும்.

காலத்தைக் கணக்கிடும்போது ஊரின் பஞ்சாங்கத்தையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்மலையனூரில் அமாவாசைதோறும் இரவில் அங்காள பரமேஸ்வரி அம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். அன்று பெருந்திரளாக ஜனங்கள் வந்து நிறைவதால், மணல் வண்டி தெருவுக்குள் நுழையாது, ஆளும் கிடைக்காது. மாசியில் மகா சிவராத்திரியை அடுத்து மயானக் கொள்ளையும் தேரும் நடக்கும் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே சரக்கை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, சுண்ணாம்பு ஊறுவதும் பூச்சு இறுகுவதுமான, மனிதர் காத்திருக்க வேண்டிய கட்டங்களை அந்நாட்களில் வருமாறு அமைத்துக்கொண்டேன். திருவிழாவும் கெடவில்லை, வேலையும் கெடவில்லை.

கதவு ஜன்னல்களின் பழைய எனாமல் வர்ணத்தைச் சுரண்டுவது அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் அறையிலுள்ள அபாயங்களில் கண்ணுக்குத் தெரியாதது அதுவே. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தியவற்றில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். எனவே உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டி, முகக்கவசம் அணிந்து, உதிர்ந்ததைச் சாக்குத் துணியில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துவதும், அதுவரை அந்த அறையில் எவரையும் படுக்கவிடாதிருப்பதும் கடமை. மரப்பட்டியில் ஓடிய பழைய மின்கம்பிகளை நான் தொடவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு புதிதாக இழுத்து, நிலத்தொடர்பும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் வைக்கச் செய்தேன்.

தரையில் வழவழப்பான டைல்ஸ் பதிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன். நீர் புகாத தரையின் அடியில் சேரும் ஈரம் சுவரோரத்துக்கே ஓடிவரும். பழைய தரையைப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து, மேலே சுட்ட மண் தட்டோடு பதித்தது, கோடையில் பாயில்லாமலே படுக்கலாம் என்னும்படி குளிர்ச்சியாக அமைந்தது. சுவருக்கும் பிளாஸ்டிக் எமல்ஷனைத் தவிர்த்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து, நீர்மோர்ப் பதத்தில் மூன்று முறை வெள்ளையடித்தேன். முதல் பூச்சு ஈரத்தில் மங்கலாகத் தெரிந்து நம்மைக் கலங்கச் செய்யும். காய்ந்த பின்னரே வெளுக்கும்.

இத்தகைய வேலையில் இறங்க விரும்புகிறவர்கள், ஆரோவில்லில் 1989இல் நிறுவப்பட்ட எர்த் இன்ஸ்டிடியூட் மண் கட்டுமானத்தில் பயிற்சி அளிப்பதையும், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) சாமானியருக்கென்று படங்களோடு எழுதிய சிறு கையேடுகளையும் அறிந்துகொள்வது உபகாரமாயிருக்கும். செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, சரக்குக்குப் பணம் குறைவு, காலம் அதிகம் என்பதே.

கடைசியாக ஒன்று. சுண்ணாம்பும் ஓடும் ஒரு தடவை செய்து மறந்துவிடத்தக்கவை அல்ல. ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் கூடல்வாயில் சேர்ந்த சருகை அள்ளி, விலகிய ஓட்டைத் திருப்பி, வெளிப்பள்ளத்தின் வாட்டத்தைச் சரிபார்த்து, சுவரில் உதிர்ந்த இடத்துக்கு ஒரு கை சாந்து வைக்க அரைநாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இந்த அறை பேரன் காலத்துக்கும் நிற்கும். அந்த அரைநாளைக் கொடுக்க இயலாதபடி வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள், பழமையின்மேல் கொண்ட பற்றினால் மட்டும் இதில் இறங்காமல், நல்ல பொறியாளரைக் கொண்டு கான்கிரீட் அறை ஒன்றைக் கட்டிக்கொள்வதே நியாயம். அதில் எந்த இழுக்கும் இல்லை.