வெள்ளம் வடிந்த வயலைச் சீராக்க: முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தபோது, ஊரெல்லாம் அடையாற்றங்கரை வீடுகளைப் பற்றியே பேச்சு. வயலைக் கேட்பார் இல்லை. பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் நிலமெல்லாம் மனையாகிவிட்டாலும் திருமழிசை, நேமம் பக்கம் இன்னும் நெல் விளைகிறது. அடுத்த வெள்ளத்தில் அங்கே கைகொடுக்கப் போகும் இளைஞர்களுக்காக இது.

1. முதலில் ஸ்கேல், பிறகு மண்வெட்டி

ஆர்வத்தில் உடனே வாரிக் கொட்டிவிடாதீர்கள். மணலோ வண்டலோ 3 அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்குப் பேரிடர் நிவாரண நிதியில் உதவி உண்டு. 2022-26 விதிப்படி ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஆனால் அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும். வாரிய பிறகு அவர் எதைப் பார்ப்பார்?

நான்கைந்து இடங்களில் குழி வெட்டுங்கள். மேலே வெளிறிய மணல், கீழே கறுத்த பழைய மண். நிறம் மாறும் இடம் வரை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண்ணோடு வி.ஏ.ஓ.விடம் மனு கொடுக்க விவசாயியிடம் சொல்லுங்கள். காப்பீடு செய்த பயிரை அறுத்துக் காயப்போட்டிருந்தபோது நனைந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

2. குப்பை பொறுக்குதல்

நகரத்து வெள்ளம் தெர்மாகோலும் குவார்ட்டர் பாட்டிலும் கொண்டுவரும். சேற்றில் புதைந்த ஒரு கண்ணாடிச் சில்லு போதும், நடவுக்கு இறங்கும் பெண்ணின் பாதம் கிழிந்துவிடும். வரிசையாக நின்று, வாரியால் இழுத்துக்கொண்டே நகருங்கள். பூட்ஸும் கையுறையும் கட்டாயம். காயத்தோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். நனைந்த மோட்டார் ஷெட்டை மின்வாரிய ஆள் வந்து பார்க்கும்வரை தொடாதீர்கள்.

3. தண்ணீரை வடித்தல்

வடிகாலை வெட்டிவிடுங்கள், பக்கத்து வயலுக்குள் அல்ல. மஞ்சளான இளம் நெல்லுக்கு ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்.

4. மணலும் வண்டலும்

மணலை அகற்றத்தான் வேண்டும். மெல்லிய வண்டலை உழுது கலந்தால் போதும், அது உரம். ஈரம் காயுமுன் ஜே.சி.பி.யை இறக்கினால் மண் இறுகிப்போகும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள்; உதிர்ந்தால் உழலாம்.

5. மண் பரிசோதனை

'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, வயலின் பல இடங்களிலிருந்து மண் எடுங்கள். அதை எங்கே சோதிக்கக் கொடுப்பது என்று மேப்பில் தேடினால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் என்று வரும். அது பொத்தேரி பக்கத்துக் காட்டுப்பாக்கம், வேறு ஊர். பூந்தமல்லிப் பக்க விவசாயிகளுக்கு உரியது திருவள்ளூரை அடுத்த திரூரில் இருக்கிறது.