தனியே எடுத்த படம், சேர்ந்து பார்த்த படம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மன்றச் செயல்பாட்டு நேரத்தில் புதிதாக என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு அலமாரியில் கிடந்த என் பழைய டிஜிட்டல் கேமரா நினைவுக்கு வந்தது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 28 பிள்ளைகள். அவர்களில் நாலைந்து பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தலை நிமிராதவர்கள். புகைப்படம் எடுப்பது தனி ஆள் செய்யும் வேலை, கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும் என்று எண்ணித்தான் தொடங்கினேன். நான் எண்ணியது பாதிதான் சரி என்பதைப் பிள்ளைகளே எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அட்டையில் ஒரு சன்னல்

28 பேருக்கு ஒரு கேமரா போதாது. எனவே முதல் மாதம் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். அட்டையின் நடுவில் 3 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துளை வெட்டினோம். அதுதான் எங்கள் கேமரா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியே பார்க்க வேண்டும். அட்டையைக் கண்ணருகே கொண்டுவந்தால் நிறையத் தெரியும். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் சிறு பகுதி மட்டும் தெரியும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பள்ளி வளாகத்து வேப்பமரத்தைப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் வரையச் சொன்னேன். முதல் முறை குழுக்களாகப் பிரித்துப் பேசிக்கொண்டே செய்ய விட்டேன். ஐந்து குழுக்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே படம் வந்தது: நடுவில் மரம், மேலே சூரியன். அடுத்த வாரம் முறையை மாற்றினேன். ஐந்து நிமிடம் யாரும் யாருடனும் பேசக் கூடாது, அவரவர் விரும்பிய இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு வரைந்ததை எல்லாம் கயிற்றில் மாட்டினோம். ஒருவன் பட்டையில் ஊரும் எறும்பு வரிசையை வரைந்திருந்தான். ஒருத்தி காக்கைக் கூட்டை வரைந்திருந்தாள். இன்னொருத்தி மரத்தையே விட்டுவிட்டு, நிழலில் கிடந்த ஒற்றைச் செருப்பை வரைந்திருந்தாள்.

"ஒரே மரந்தானே டீச்சர், எப்படி எல்லாமே வேற வேறயா வந்துச்சு?" என்று ஒரு மாணவன் கேட்டான். அந்த ஐந்து நிமிடத் தனிமை இல்லாதிருந்தால் படங்கள் வேறுபட்டிருக்காது. கயிற்றில் மாட்டிச் சேர்ந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. முதலில் தனியே, பிறகு சேர்ந்து. இந்த வரிசை மாறினால் இரண்டும் கெட்டுவிடுகிறது.

வரலாறு என்ன சொல்கிறது?

இரண்டாம் மாதம் அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் கேமரா செய்தோம். திரையில் தலைகீழாக விழுந்த வேப்பமரத்தைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிட்டபோது, புகைப்படத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொன்னேன். 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 அன்று டாகுவேரின் முறை பாரிசில் வெளியிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. கருவியும் புதிது, ரசாயன முறைகளும் புதிது. ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லவும், எடுத்த படங்களைக் காட்டவும் ஓர் இடம் தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறாகவும் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் சிகாகோ நகரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் பல ஆண்டுகள் இருந்த விவியன் மேயர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றை அவர் பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை. பல படச்சுருள்கள் கழுவப்படாமலேயே கிடந்தன. 2007இல் அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் அவை வெளியுலகுக்குத் தெரிந்தன. 2009இல் அவர் காலமான பிறகே உலகப் புகழ் வந்தது. "அவங்க கிட்ட கேட்டுத்தான் காட்டுனாங்களா டீச்சர்?" என்று ஒரு குரல் வந்தது. வழக்கமாகப் பேசாத ஒரு மாணவியின் குரல் அது. "இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வியில் நான் சற்று நின்றிருக்க வேண்டும்.

நான் செய்த தவறு

மூன்றாம் மாதம் முதல், பெற்றோர் சம்மதத்துடன் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளை கேமராவை வீட்டுக்கு எடுத்துச் செல்லும். 20 படங்கள் எடுத்துத் திங்களன்று கொண்டுவர வேண்டும். அந்த மாணவியின் முறை வந்தது. அவள் கொண்டுவந்தவற்றில் ஒரு படம் என்னை அசர வைத்தது. பீடித்தட்டு, வெட்டிய இலைகள், நூல், அவற்றின் மேல் அவளுடைய தாயின் இரு கைகள். முகம் இல்லை. சன்னல் வெளிச்சம் விரல்களில் மட்டும் விழுந்திருந்தது.

மகிழ்ச்சியில் அதைப் பெரிதாக அச்சிட்டு, அவள் பெயரையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். காலை வணக்கக் கூட்டத்தில் பாராட்டியும் பேசினேன். கூச்சம் தெளியும் என்று நினைத்தேன். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தவள், மன்றத்துக்கு வரவில்லை. தனியே அழைத்துக் கேட்டபோது தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எல்லாருக்கும் காட்டவா டீச்சர் எடுத்தேன்?"

உடனே படத்தை எடுத்து அவளிடமே கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய தாயும் வந்திருந்தார். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா என் கைய நானே இப்படிப் பாத்ததில்ல" என்றும் சொன்னார்.

ஒரு படத்துக்கு மூன்று பேர்

அதன்பின் எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு படத்தில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு: எடுத்தவர், படத்தில் இருப்பவர், பார்ப்பவர். நான் மூன்றாமவரை மட்டுமே நினைத்துக்கொண்டு முதல் இருவரை மறந்துவிட்டேன். பகிர்வது நல்லதுதான். ஆனால் பகிர்வதற்கு உரிமை உள்ளவர் நாமல்ல. இது புகைப்படத்துக்கு மட்டுமன்று. பிள்ளை குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதும் கவிதைக்கும் வரையும் ஓவியத்துக்கும் இதே விதிதான். நாமும் நாள்தோறும் வகுப்பறைச் செயல்பாடுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறோம். அந்தப் படங்களில் இருக்கும் பிள்ளைகளிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

இப்போது எங்கள் மன்றத்தில் பின்பற்றும் நான்கு நடைமுறைகள் இவை:

1. பார்க்கும் நேரமும் எடுக்கும் நேரமும் தனிமைக்கு உரியவை. அப்போது ஆசிரியரும் குறுக்கே பேசுவதில்லை.

2. ஒவ்வொருவரும் தம் படங்களை 'எனக்கு', 'மன்றத்துக்கு', 'எல்லாருக்கும்' என்று தாமே மூன்றாகப் பிரிப்பார்கள். 'எனக்கு' என்று வைத்ததை யாரும் கேட்பதில்லை.

3. மனிதர்கள் இருக்கும் படமென்றால் அவர்களிடம் காட்டி, சரி என்ற பிறகே மன்றத்துக்கு வரும்.

4. சேர்ந்து பார்க்கும்போது 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்று சொல்வதில்லை. 'இதில் நான் பார்ப்பது...' என்றே தொடங்க வேண்டும். எடுத்தவர் கடைசியில், விரும்பினால் மட்டும் பேசலாம்.

இரண்டாவது நடைமுறை வந்த பிறகு பிள்ளைகள் மறைப்பது கூடிவிடும் என்று அஞ்சினேன். நடந்தது வேறு. மறைத்துக்கொள்ள ஓர் இடம் உண்டு என்று தெரிந்ததும், காட்டத் துணிந்தவர்கள்தான் அதிகமானார்கள்.

அந்த மாணவி ஒரு மாதம் கழித்துத் தானாகவே மன்றத்துக்குத் திரும்பினாள். ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். கிணற்றடி, ஆட்டுக்குட்டி, பேருந்துச் சன்னல், மழைக்குப் பிந்தைய தெரு. தாயின் கைகள் அவற்றில் இல்லை. நான் கேட்கவில்லை. போகும்போது அவளே திரும்பி நின்று சொன்னாள்: "அது வீட்டுல இருக்கு டீச்சர். அம்மா ரேஷன் கார்டு வைக்கிற பெட்டியில பத்திரமா வச்சிருக்கா."