தொண்டர் மென்பொருளும் எண்வகை விடையும்

இன்று கணினியில் வழங்கும் மென்பொருள்களுட் பல, ஊதியங் கருதாத தொண்டர்களால் ஆக்கப்பட்டு யாவர்க்கும் இலவசமாய் அளிக்கப்படுவன. இத்தொண்டர் நிரல் எழுதுதலில் வல்லுநர். ஆயினும், அதனைப் பாவிப்போர் வினவுமிடத்து விடை கூறுதலில் இடர்ப்படுவோர் அவருட் பலர். விடை கூறுதல் தொண்டுக்குப் புறம்பானதன்று. தொண்டின் ஒரு கூறேயாம். இதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. முன்னைய மூன்றும் நேரே விடையாவன; பின்னைய ஐந்தும் விடையைக் குறிப்பால் உணர்த்துவன. இவ்வெட்டனுள் மௌனம் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. வினவியவரை நெடுநாள் காக்கவைத்து வாளாவிருத்தல் விடையாகாது.

நேரும் மறையும்

1991 ஓகஸ்ட் 25ஆந் திகதி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கி வருவதை மினிக்ஸ் பாவனையாளர்க்கு அறிவித்தார். அதுவே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. பொழுதுபோக்காகவே செய்வதாகக் கூறி, பிறர் விரும்புவன எவை எனக் கேட்ட அவர், ஆலோசனைகளை வரவேற்பதாகவும், அவற்றை நிறைவேற்றுவதாக உறுதி கூற இயலாதெனவும் உரைத்தார். இயலாததை இயலும் என்று கூறி நம்பவைத்தலினும், 'இயலாது' என முன்னரே கூறுதல் நன்று. ஆயின், மறுப்பவர் அதற்குரிய காரணத்தையும் ஒரு வரியிற் கூறுதல் வேண்டும். இயலுமாயின் வேறொரு வழியையுங் காட்டுக. 'ஆடுவாயா?' என்றார்க்குப் 'பாடுவேன்' என்னும் இனமொழி விடை இதனோடு ஒக்கும்.

உற்றதும் உறுவதும்

மென்பொருளின் பிழையைத் தமிழில் 'வழு' என்கின்றோம். டெபியன் தொண்டர்கள் 1997இல் வெளியிட்ட சமுதாய உடன்படிக்கையில், தம் குறைகளை மறையோம் என்றும், வழுப்பதிவுகள் எப்பொழுதும் யாவர்க்கும் திறந்திருக்கும் என்றும் உறுதி கூறினர். இஃது உற்றது உரைத்தலாம். திருத்த இயலாத வழுவை 'இக்காரணத்தால் இவ்வாறே இருக்கும்' என எழுதி வைத்தலும் நன்று. இலக்கணத்தில் வழுவமைதி காரணங் காட்டியே கொள்ளப்படுதலை மாணவர் அறிவர்.

உறுவது கூறலுக்குப் பைதன் மொழி சான்றாகும். 2008இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பில் பழைய நிரல்கள் பல திருத்தமின்றி இயங்கவில்லை. இரண்டாம் பதிப்பைப் பேணுதல் 2015இல் முடியும் என முதலிற் குறித்திருந்தனர். காலம் போதாமையை உணர்ந்து, 2014இல் அதனை 2020 வரை நீடித்தனர். 2020 ஜனவரி 1ஆந் திகதியோடு அது முடிந்தது. மாற்றம் துன்பந் தருவதாயினும், நாளை முன்னரே அறிந்தோர் அதற்கு ஆயத்தமாவர்.

ஏவலும் இன்சொல்லும்

'இக்குறையை நீக்குவீரா?' என்பார்க்கு 'நீரே திருத்தி அனுப்பும்' என்பது தொண்டர் பலர் கூறும் ஏவல் விடை. நிரல் அறிந்தார்க்கு அஃது அழைப்பு. அறியாதார்க்கு வாயிற்கதவை அடைத்தல். சொல் ஒன்றேயாயினும் கேட்போர் வேறு. 'எப்பதிப்பு? என்ன செய்தபோது நிகழ்ந்தது?' என எதிர் வினாவுதலும், விளக்க நூலின் உரிய பக்கத்தைச் சுட்டுதலும் இத்தகையனவே. முகங்கடுத்துக் கூறின் பயனிழக்கும். டோர்வால்ட்ஸ் தாமே 2018 செப்ரெம்பரில், தாம் எழுதிவந்த கடுஞ்சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் பணியினின்று ஒதுங்கினார். அம்மாதமே லினக்ஸ் கருவை ஆக்குவோர்க்கு ஒழுக்கக் கோவை ஒன்றும் ஏற்கப்பட்டது.

வினவுவோர் கடமை

விடைக்கு இலக்கணம் உண்டெனின் வினாவுக்கும் உண்டு. தரவுகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசெட்' என்னும் மென்பொருளைப் பல்லாண்டு பேணியவர் பெரும்பாலும் ஒருவரே. 2022இல் பணி தாமதிக்கின்றதெனச் சிலர் அவரை நெருக்கினர். இஃது ஊதியமில்லாப் பணி எனவும், தம் ஆற்றல் குன்றியுள்ளது எனவும் அவர் உற்றதை உரைத்தார். கேட்டோர் சுமையைத் தாங்க முன்வந்திலர். உதவியாளராய் வந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024இன் தொடக்கத்தில் அம்மென்பொருளினுள் கள்ளவழி ஒன்றை மறைத்து வைத்தார். கணினியுட் புகுதற்கு ஏறக்குறைய அரை வினாடி மிகுதியாதலைக் கண்டு ஐயுற்ற பொறியியலாளர் ஒருவர், அவ்வாண்டு மார்ச்சு 29ஆந் திகதி அதனை வெளிப்படுத்தினார். அவர் நுணுகி நோக்கியிராவிடின் எண்ணற்ற கணினிகள் கேட்டுக்கு உள்ளாகியிருக்கும். முன்னர் நெருக்கியோரும் அச்சூழ்ச்சியின் பாற்பட்டோரோ எனப் பலர் ஐயுறுகின்றனர். எவ்வாறாயினும், தனியொருவர் தளர்ந்துள்ளேன் எனக் கூறும்போது செவிசாயாத சமுதாயம் தன் காவலையே இழக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின், மென்பொருள் ஆக்கும் எம் மாணவரும் பழைய மாணவரும் இவற்றைக் கைக்கொள்வாராக: வினவியவர்க்குக் காலந் தாழாது ஒரு சொல்லேனுங் கூறுக, இயலாததை மறைக்காது மறுக்க, குறையை வெளிப்படையாய் எழுதுக, மாற்றத்தை முன்னரே அறிவிக்க, தளர்ந்தவிடத்து அதனையும் உரைக்க. மென்பொருளைப் பாவிப்போர், நிகழ்ந்ததைத் தெளிவாய் எழுதி, நன்றி கூறி, இயன்ற பணியில் ஒன்றையேனும் ஏற்க. நிரல் எழுத அறியாதாரும் விளக்கம் எழுதலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், புதியோர்க்கு விடை கூறலாம். தொண்டர்க்குக் கைம்மாறு அதுவே.