பம்ப் டியூபில் காற்றுக் குமிழி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இன்சுலின் பம்ப் வந்த வீட்டில் முதல் மாதத்திலேயே ஒரு பயம் எழும். மருந்து ஓடும் மெல்லிய டியூபில் நடுவே ஒரு வெற்றிடம் தெரியும். “காத்து உள்ளே போயிட்டா உயிருக்கே ஆபத்தாமே?” என்று பாட்டியில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரர் வரை கேட்பார்கள். ரத்தக்குழாயில் நேரடியாக ஏற்றும் மருந்துக்கு உரிய பயம் அது. பம்ப் இன்சுலினை விடுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில். அங்கே போகும் சிறு காற்றை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கெடுதல் இல்லை.

கெடுதல் வருவது வேறு வழியில். குமிழி இருக்கும் நீளத்துக்கு டியூபில் இன்சுலின் இல்லை, ஆனால் பம்புக்கு அது தெரியாது. பிஸ்டன் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் அது கணக்கு வைக்கிறது. தள்ளியது காற்றாக இருந்தாலும் திரையில் ‘கொடுக்கப்பட்டது’ என்றே வரும். அழுத்தம் கூடினால்தான் அடைப்பு அலாரம் ஒலிக்கும். காற்றோ தடையில்லாமல் வெளியேறிவிடும், அலாரமும் வராது.

டியூபில் ஓர் அங்குல நீளக் காற்று என்றால் ஏறத்தாழ அரை யூனிட் இன்சுலின் குறைகிறது. மணிக்கு 1 யூனிட் பேசல் (நாள் முழுக்கச் சிறுகச் சிறுக ஓடும் இன்சுலின்) ஓடும் பெரியவருக்கு அது அரை மணி நேர மருந்து. மணிக்கு 0.1 யூனிட் மட்டுமே ஓடும் சின்னக் குழந்தைக்கு ஐந்து மணி நேர மருந்து. பம்பில் ஓடுவது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீரும் இன்சுலின் மட்டும்தான். நாள் முழுக்கத் தாங்கிப்பிடிக்கும் வேறு இன்சுலின் உடம்பில் இருக்காது. குழந்தைக்குப் பம்ப் போட்டிருக்கும் அம்மா அப்பாக்கள் கீழே உள்ளவற்றை இரட்டிப்புக் கவனத்தோடு படியுங்கள்.

செய்ய வேண்டியவை

பிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு நிரப்புங்கள். குளிர்ந்த திரவத்தில் காற்று அதிகமாகக் கரைந்திருக்கும், சூடேற ஏற அது பிரிந்து வெளியே வரும். காலையில் சில்லென்று நிரப்பிய ரிசர்வாயர் (பம்பின் மருந்துக் கலன்) உடம்புச் சூட்டில் இருந்து இருந்து, மாலையில் குமிழியோடு நிற்பது இதனால்தான். பாதிக் குமிழிகளுக்கு இந்த அவசரமே காரணம் என்பேன். ஆனால் நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் என்பதே 35, 36 டிகிரி. புழக்கத்தில் உள்ள குப்பி 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. எனவே அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அடுப்படியிலும் ஜன்னலோரத்திலும் வேண்டாம்.

நிரப்பும்போது முதலில் எத்தனை யூனிட் வேண்டுமோ அதே அளவு காற்றை ரிசர்வாயரில் இழுத்துக் குப்பிக்குள் தள்ளுங்கள். குப்பிக்குள் அழுத்தம் குறைந்தால் மருந்தோடு குமிழியும் பிரிந்து வரும். பிறகு குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். பக்கவாட்டில் விரலால் சுண்டினால் ஒட்டியிருக்கும் குமிழிகள் மேலே திரளும். அவற்றைக் குப்பிக்கே திருப்பித் தள்ளிவிட்டு, குறைந்த அளவை மறுபடி இழுத்துக்கொள்ளுங்கள். பை போன்ற கேட்ரிட்ஜ் உள்ள பம்ப் என்றால், நிரப்புவதற்கு முன்பே அதில் இருக்கும் காற்றை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

டியூபை நிரப்பும்போது இணைப்பு முனை மேலே இருக்கும்படி பம்பைப் பிடியுங்கள். காற்று முதலில் வெளியேறும். முனையில் சொட்டு வந்ததும் நிறுத்திவிடாமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை டியூபை வெளிச்சத்தில் ஓட்டிப் பாருங்கள். அன்றாடம் மாட்டிக்கொள்ளும்போது இதற்கு எதிர்மாறாக, இணைப்பு முனை கீழ்நோக்கி இருந்தால் நல்லது. ரிசர்வாயரில் மிஞ்சிய குமிழி மேலே பிஸ்டன் பக்கம் ஒதுங்கும், டியூபுக்குள் இறங்காது.

சாப்பாட்டுக்காக ஒரே தடவையாகக் கொடுக்கும் போலஸுக்கு முன்னும் படுக்கப்போகும் முன்னும் டியூபை ஒருமுறை பாருங்கள். கடுகு அளவில் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். அங்குலக் கணக்கில் நீண்டிருந்தால் வெளியேற்றத்தான் வேண்டும். டியூபை உடம்பிலிருந்து கழற்றுங்கள், டியூபை நிரப்பும் பிரைம் மெனுவுக்குப் போங்கள், குமிழி முனை வழியே வெளியேறி மருந்து சொட்டும் வரை ஓட்டுங்கள், மறுபடி மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

விமானப் பயணத்துக்குத் தனிக் கவனம் தேவை. மேலே ஏற ஏற கேபினில் அழுத்தம் குறைகிறது. ரிசர்வாயரில் இருக்கும் குமிழி விரிகிறது, கரைந்திருந்த காற்றும் பிரிகிறது. இரண்டும் சேர்ந்து கேட்காத இன்சுலினை உள்ளே தள்ளும். இறங்கும்போது குமிழி சுருங்கி, சேர வேண்டிய மருந்து குறைந்துபோகும். ஆஸ்திரேலியாவில் புரூஸ் கிங் குழுவினர் இதைச் சோதித்து 2011-இல் ‘டயாபடீஸ் கேர்’ இதழில் எழுதினார்கள். ஏற்றத்தில் சுமார் 1 யூனிட் அளவுக்குக் கூடுதலாகப் போகலாம் என்று கண்டார்கள். புறப்படும் முன் பம்பைக் கழற்றுங்கள், உச்ச உயரத்துக்குப் போனதும் குமிழியை நீக்கிவிட்டு மாட்டுங்கள், தரையிறங்கியதும் கழற்றி 2 யூனிட் பிரைம் செய்து மாட்டுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. கிளம்பும் முன் ரிசர்வாயரை முழுக்க நிரப்பாமல் பாதியளவோடு வைப்பதும் உதவும். பெரியவர்களுக்கு 1 யூனிட் ஒரு பொருட்டாக இல்லாமல் போகலாம், குழந்தைக்கு அது லோ சுகர். விமானக் கேபினில் இருப்பது 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பான அழுத்தம். ஊட்டி இருப்பதும் சுமார் 7,350 அடியில். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போனவர்கள் அறைக்குப் போனதும் டியூபைப் பார்ப்பது நல்லது.

செய்யக்கூடாதவை

உடம்பில் மாட்டியபடி பிரைம் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு டியூப் நிறைய 10 முதல் 15 யூனிட் வரை பிடிக்கும். அத்தனையும் ஒரே மூச்சில் குழந்தையின் உடம்பில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. தாத்தா, சித்தி, பள்ளி ஆசிரியர் என்று பம்பைத் தொடும் ஒவ்வொருவருக்கும் முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

கழற்றிய டியூபில் போலஸ் கொடுத்துக் குமிழியைத் தள்ளாதீர்கள். அந்த இன்சுலின் தரையில் சொட்டியிருக்கும், பம்போ உடம்புக்குள் போனதாக எழுதிக்கொள்ளும். அடுத்த வேளைக்குக் கணக்கிடும்போது அந்த அளவைக் கழித்துக் குறைவாகவே கொடுக்கும். சென்சாரோடு பேசித் தானே பேசலை மாற்றும் பம்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. பிரைம் மெனு இருப்பதே இதற்காகத்தான்.

குமிழி உள்ளே போய்விட்டது என்று தெரிந்ததும் தோராயமாக ஒரு யூனிட் கூட்டிப் போடாதீர்கள். சுகரைப் பாருங்கள், உயர்ந்திருந்தால் உங்கள் மருத்துவர் கொடுத்த கணக்குப்படி திருத்துங்கள்.

குப்பியைக் குலுக்க வேண்டாம், வெந்நீரில் வைக்க வேண்டாம். பம்பில் போடும் தெளிந்த இன்சுலினைக் கலக்கவே தேவையில்லை.

பழைய ரிசர்வாயரை மறுபடி நிரப்பாதீர்கள். செலவு கடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த வலியைச் சின்னதாக்கிச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் வழவழப்புப் பூச்சு ஒருமுறைக்கானது. அது தேய்ந்தால் பிஸ்டன் ஒட்டும், ஓரத்தில் காற்றும் கசியும். மிஞ்சிய இன்சுலினைக் குப்பியில் திருப்பி ஊற்றுவதும் கூடாது.

படுக்கப்போகும் நேரத்தில் செட்டை (டியூபையும் உடம்பில் செருகும் முனையையும்) மாற்றாதீர்கள். காலையில் மாற்றினால் அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் சுகரைப் பார்த்து மருந்து சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

காரணம் தெரியாமல் சுகர் 250-ஐத் தாண்டினால் பம்ப் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். டியூபையும் கீட்டோனையும் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள். கீட்டோன் இருந்தாலோ, பம்ப் வழியே கொடுத்த திருத்தத்துக்கு ஓரிரு மணி நேரத்தில் சுகர் இறங்காவிட்டாலோ, பென்னாலோ சிரிஞ்சாலோ ஊசி போட்டுவிட்டு முழு செட்டையும் மாற்றுங்கள். இன்சுலின் நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கும். பென் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பவே கூடாது.

பம்ப் போட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் ‘வயிற்றில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கஷாயம் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். முதலில் கீட்டோனைப் பாருங்கள். கீட்டோனும் இருந்து வாந்தியும் நிற்காவிட்டால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம், இரவு எத்தனை மணியானாலும்.