ஆறுமுகம்: பழைய பேரா?

ஓம் சரவணபவ!

நம்ம வயசுக்காரங்க பலருக்கு ஆறுமுகம்னா வீட்டுப் பத்திரத்துலயும் கல்யாணப் பத்திரிகையிலயும் பார்க்கிற தாத்தா பேர். கார்த்திக், சரவணன், செந்தில்னு வந்ததும் அது பின்னால போயிடுச்சு. எல்லாமே முருகன் பேர்தான், சரி. ஆனா இதோட அர்த்தம் தனி.

சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள். பார்வதி சேர்த்து அணைத்ததும் ஓருடல், ஆறு முகம். இது கந்தபுராணக் கதை. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேலை சொல்கிறார். உலகின் இருள் நீக்க ஒன்று, அடியார்க்கு வரம் தர ஒன்று, வேள்வி காக்க ஒன்று, மறைபொருளை விளக்க ஒன்று, போர்க்களத்துக்கு ஒன்று. ஆறாவது முகம் வள்ளியோடு சிரிக்கிறது. எனக்குப் பிடிச்சது அதுதான்!

சண்முகமும் இதே பேர்தான், வடமொழியில். 1822-ல் யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலருக்கு வீட்டில் வைத்த பேரும் இதுவே. 'நாவலர்' பிறகு திருவாவடுதுறை ஆதீனம் தந்த பட்டம்.

தாத்தா பேரைச் சுமக்கிறவன் பெயரன், அதாவது பேரன். அந்த வழக்கம் இருந்தவரை ஆறுமுகம் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வந்துச்சு. இப்போ நியூமராலஜி, சின்னதா ஸ்டைலா இருக்கணும்ங்கிற ஆசை.

அடுத்த வாரம் அக்கா பையனுக்குப் பேர் வைக்கிறோம். "கிளாஸ்ல கேலி பண்ணுவாங்கடா"ன்னு அக்கா பயப்படுறா. சர்டிஃபிகேட்ல ஆறுமுகம், கூப்பிட 'ஆறு'ன்னு பேசிட்டிருக்கோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!