ஆசனம் மட்டும் போதாதா?

கேள்வி: பூண்டு மண்டியில் நாள் முழுக்க தரையில் உட்கார்ந்து தாள் நறுக்கித் தரம் பிரிக்கிறேன். இடுப்பு வலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பொய் சொல்லாதே, ஆசைப்படாதே என்று பாடம் நடத்துகிறார்கள். ஆசனம் மட்டும் போதாதா?
– வாசகி, வடுகபட்டி

பதில்: இடுப்புக்கு மட்டும் என்றால் ஆசனம் போதும், தாயே. வலி காலுக்கு இறங்கினால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் வாத்தியார் கதை அளக்கவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 195. ஆசனத்தைப் பற்றியவை 3 மட்டுமே. அசையாமல், சுகமாக இருக்கும் இருக்கைதான் ஆசனம் என்கிறார். தலைகீழாக நிற்கச் சொல்லவில்லை. அட்டாங்கம் என்னும் எட்டுப் படிகளில் அது மூன்றாவது. அதற்கு முன்னால் இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள்; பொய் சொல்லாதே என்பது இயமத்தில்தான் வருகிறது.

நம்ம திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அதே எட்டைத்தான் வைக்கிறார். பதஞ்சலிக்கு இயமம் 5. திருமூலரோ கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமையோடு பகுத்துண்பதையும் சேர்க்கிறார். மண்டியில் தூக்குவாளியைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்றுகிறீர்களே, அதுவும் அவர் கணக்கில் யோகம்தான். வகுப்புக் கட்டணம் கிடையாது!

ஒழுக்கம் முதலில் வரக் காரணம் எளிது. யோகத்தின் வேலை மனத்தை அடக்குவது. எடையில் ஏமாற்றிவிட்டு வந்து கண்ணை மூடினால் தராசுதான் தெரியும்.

சம்மணம் சிரமமானால் நாற்காலியில் உட்காருங்கள். சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யா, ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக் கற்றுக்கொடுத்தவர். உங்கள் வாத்தியார் சம்மதிக்காவிட்டால் கிருஷ்ணமாச்சார்யா பெயரைச் சொல்லிப் பாருங்கள்.