மறந்தது கட்டவா, கட்டியதையா?

தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் மாணவி ஒருத்தி கட்டவில்லை. மறுநாள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தாள். 'ஐ ஃபர்காட் பேயிங் தி ஃபீஸ்' என்று அதில் எழுதியிருந்தது. கடிதத்தை வாங்கிய நாங்கள் இரசீதுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். அவள் பெயரில் இரசீதே இல்லை. பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அவள் சொல்ல நினைத்தது 'கட்டணம் கட்ட மறந்துவிட்டேன்' என்பது. எழுதியதோ 'கட்டணம் கட்டியதை மறந்துவிட்டேன்' என்று பொருள் தருவது. 'ஐ ஃபர்காட் டு பே தி ஃபீஸ்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆயினும் கட்டாதவள் கட்டியவளாகிவிட்டாள்.

'டு பே' என்னும் வடிவத்தை ஆங்கில இலக்கணம் இன்ஃபினிட்டிவ் என்கிறது. 'பேயிங்' என்பது பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்யும்போது அதற்கு ஜெரண்ட் என்று பெயர். எந்த வினைக்குப் பின் எது வரும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். ரென் அண்டு மார்ட்டின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாங்களும் அப்படித்தான் படித்தோம். பட்டியல் பரீட்சை மண்டபம் வரை கூட வரும். அவசரமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தால் வராது. ஆகவே இங்கே வேறொரு வழியைச் சொல்கிறோம். முதலில் தமிழைக் கேட்டுப் பாருங்கள்.

நம் கோவிலூர் மடம் வேதாந்தத்தைத் தமிழ் நூல்களின் வழியே கற்பித்துப் பெயர் பெற்றது. அவ்வளவு நுட்பமான சாத்திரத்துக்குத் தமிழ் போதுமென்றால், ஆங்கிலத்தின் ஒரு 'டு'வுக்கும் ஓர் 'இங்'குக்கும் போதாமல் போகுமா?

'கட்ட', 'பாட', 'எழுத' என்பவை செயவென் எச்சம். நன்னூல் சொல்லும் பன்னிரண்டு வினையெச்ச வாய்பாடுகளில் இதுவும் ஒன்று. 'கட்டுதல்', 'பாடுவது', 'எழுதியது' என்பவை தொழிற்பெயர். பெயராக இருப்பதால் வேற்றுமை உருபை ஏற்று 'பாடுவதை', 'எழுதியதற்கு' என்றாகும். 'கட்ட மறந்தேன்' என்னும்போது கட்டுதல் நடக்கவில்லை. 'கட்டியதை மறந்தேன்' என்றால் நடந்து முடிந்தது. ஆங்கிலத்திலும் இதே கணக்குத்தான். 'டு' என்னும் சொல் ஆதியில் ஒரு திசையை நோக்கிப் போவதைக் காட்டியது. 'டு பே' என்றால் கட்டுதலை நோக்கி என்று கொள்ளலாம். இன்னும் போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஃபர்கெட்' என்பதற்குப் பின் 'இங்' வடிவம் பெரும்பாலும் 'ஒருபோதும் மறவேன்' என்கிற இடத்தில்தான் வரும். 'முதன்முதலில் கடலைப் பார்த்ததை மறக்கவே மாட்டேன்' என்பது 'ஐ ஷல் நெவர் ஃபர்கெட் சீயிங் தி சீ' ஆகும்.

'ரிமெம்பர்' என்பதும் இப்படியே. 'விளக்கை அணைக்க நினைவு வைத்துக்கொள்' என்றால் 'ரிமெம்பர் டு ஸ்விட்ச் ஆஃப் தி லைட்'. 'விளக்கை அணைத்தது நினைவிருக்கிறது' என்றால் 'ஐ ரிமெம்பர் ஸ்விட்ச்சிங் ஆஃப் தி லைட்'.

'ஸ்டாப்' என்னும் சொல்லில் தமிழ் இன்னும் தெளிவாக வழி காட்டுகிறது, ஏனெனில் நாம் இரண்டு வினைகளையே பயன்படுத்துகிறோம். காரைக்குடி பஸ்ஸுக்கு விரைந்து போகும் அம்மா, எதிரே வந்த அத்தையோடு பேச நின்றாள்: 'ஷி ஸ்டாப்ட் டு டாக்'. பஸ் வந்ததும் பேசுவதை நிறுத்தினாள்: 'ஷி ஸ்டாப்ட் டாக்கிங்'. இரண்டையும் மாற்றி எழுதினால் அம்மா பஸ்ஸைத் தவறவிடுவாள்.

'ட்ரை' எங்களுக்கு மிகவும் பிடித்தது. செட்டிநாட்டு வீட்டின் கனத்த தேக்குக் கதவை ஒரு சிறுமி திறக்க முயல்கிறாள், கதவு அசையவில்லை. அது 'ட்ரைடு டு ஓப்பன்'. சித்திரை வெயிலில் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து பார்க்கிறோம். ஜன்னல் திறந்துகொண்டது, புழுக்கம்தான் குறையவில்லை. அது 'ட்ரைடு ஓப்பனிங்'. 'திறந்து பார்த்தேன்' என்னும் நம் வீட்டுப் பேச்சில் உள்ள 'பார்' என்ற துணைவினைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் கிடைக்காது.

'ரெக்ரெட்' விஷயத்தில் கவனம் வேண்டும். 'தெரிவிக்க வருந்துகிறோம்' என்று அலுவலகக் கடிதம் தொடங்கும். அது 'வி ரெக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'. பொய் சொன்னதற்காக வருந்துகிறவள் 'ஐ ரெக்ரெட் டெல்லிங் எ லை' என்பாள். அங்கே 'டு டெல்' என்று போட்டால், இனிமேல்தான் பொய் சொல்லப் போகிறாள் என்றாகிவிடும். பாவசங்கீர்த்தனத்தில் நாம் மனம் வருந்துவது செய்ததற்காக அல்லவா!

நம் மொழியிலிருந்து பிறமொழிக்குப் பாலம் கட்டும் இம்முயற்சி புதிதன்று. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் எதிர்க்கரையிலிருந்து வந்தார். அவர் கற்றிருந்த இலத்தீனில் இன்ஃபினிட்டிவும் உண்டு, ஜெரண்டும் உண்டு. ஜெரண்ட் என்னும் பெயரே இலத்தீன் தந்ததுதான். மக்கள் பேசும் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டது, அவர் தம் எழுத்துக்களில் கடுமையாக எதிர்த்து வாதாடிய லுத்தரன் மிஷனாரிகளின் அச்சகம்! இலக்கணம் அவர்களுக்கும் தேவைப்பட்டது போலும்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டோம். 'எழுதி முடித்தேன்' என்பதில் வருவது செய்தென் எச்சம். ஆங்கிலத்தில் 'ஃபினிஷ்ட் ரைட்டிங்' என்றுதான் வரும். 'பூங்காவுக்குப் போகலாம் என்றாள்' என்பதை 'சஜ்ஜெஸ்டட் டு கோ' என்று எழுதுகிறவர்கள் பலர். 'சஜ்ஜெஸ்டட் கோயிங்' என்பதே சரி. போவது இனிமேல்தானே, 'டு' வரவேண்டாமா என்று கேட்டால், வராது என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. 'என்ஜாய்', 'அவாய்ட்' ஆகியவற்றுக்குப் பின்னும் 'இங்'தான். ஆனால் இங்கே 'பாடுவதை ரசித்தாள்', 'பேசுவதைத் தவிர்த்தாள்' என்று தமிழே துணை நிற்கிறது. ஆசிரியை உட்கார வைத்தார் என்பதை 'மேட் மீ டு சிட்' என்று எழுதாதீர்கள். 'மேட் மீ சிட்' போதும். 'உட்கார' என்பதைப் போலவே 'சிட்' தனியே நிற்கும்.

கடிதத்தின் கடைசி வரியில் வரும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதில் பெரியவர்களும் சறுக்குகிறார்கள். 'டு'வைக் கண்டதும் 'டு மீட் யூ' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் 'சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்பது காதுக்கு ஒட்டவில்லை. 'சந்திப்பை எதிர்நோக்குகிறேன்' என்போம். பெயர் வருகிறதல்லவா? ஆங்கிலத்திலும் அந்த 'டு' ஒரு பெயருக்கு முன் நிற்கும் சொல்தான். எனவே 'டு மீட்டிங் யூ'.

மாணவியரே, இவற்றை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: தண்ணீர் குடிக்க நின்றோம். அழுவதை நிறுத்தினாள். பெட்டியைத் தூக்க முயன்றான். கோபமாகப் பேசியதற்கு வருந்துகிறேன். சாவி எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.